பேஸும் கேஸும்

டிபன் கேரியரின் அடித்தட்டில் சோறு இல்லை; கம்பி இருந்தது.

முதல் ஷிப்டு முடிந்து சுரங்க வாசலில் கூட்டம் நெருக்கியடித்த நேரம். பெர்மனென்ட் ஆட்கள் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். கான்டிராக்ட் ஆட்கள் வரிசையில் நின்று, இடுப்பைத் தடவிப் பார்க்கக் கொடுத்து, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திருட்டு என்று ஒன்று நடந்தால் அது கான்டிராக்டில்தான் நடக்கும் என்பது எங்கும் எழுதப்படாத, எவரும் மீறாத விதி. அமிர்தநாதன் அடித்தட்டைத் திறந்ததும், வட்டமாகச் சுருட்டிய நாலு கம்பிகள் வெயிலில் மின்னின.

"என்னய்யா இது?" என்றார் செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணி.

"பேஸ் கம்பிங்க சார்."

"எங்கேர்ந்து எடுத்தே?"

"பேஸ்லேர்ந்து கழட்டுனதுங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவன் மாட்டிக்கொண்டான். சுரங்கத்துக்குள் மோட்டார், பம்ப், கன்வேயர் எதுவானாலும் ஓர் இரும்புப் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் பேஸ். அமிர்தநாதன் மெல்லிசைக் குழுவில் வாசித்த, அடிக்குரலில் உறுமும் நாலு கம்பி கிடாருக்கும் பெயர் பேஸ். வெள்ளைக்காரன் எழுத்தில் இரண்டையும் பிரித்துவைத்தான், காதில் பிரித்துவைக்கவில்லை. தமிழில் எழுதினாலும் இரண்டும் ஒன்றேதான்.

தெய்வசிகாமணி போனை எடுத்தார். "சார், ஒருத்தன் சிக்கிட்டான். பேஸ்லேர்ந்து கழட்டினேன்னு அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். வாஷரோட கழட்டியிருக்கான் சார், நுனியில அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு."

வாஷர் என்று அவர் சொன்னது, கம்பியைக் கிடாரின் அடிப்பாகத்தில் கோத்து நிறுத்தும் சின்னப் பித்தளை வளையம்.

"சார், அது கிடார் கம்பிங்க" என்று அமிர்தநாதன் கத்தினான்.

தெய்வசிகாமணி கம்பிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "கிடாருக்கு ஆறு கம்பி. எங்களுக்கும் தெரியும். நாலுதான் இருக்கு. மிச்சம் ரெண்ட எங்க வித்தே?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த பாத்திரம் தங்களுடையது என்பதை மறந்த சிரிப்பு.

சரி, கிடார் கம்பிக்குச் சுரங்கத்துக்குள் என்ன வேலை?

பேஸ் கம்பியில் இரண்டு சாதி உண்டு. உருண்டைக் கம்பியைச் சுற்றிச் செய்தது ஒன்று. தொட்டால் சொரசொரக்கும், விரலைத் தின்னும், ஆனால் ஒவ்வொரு சுரமும் மணி அடித்தாற்போலத் தெளிவாகக் கேட்கும். தட்டை நாடாவைச் சுற்றிச் செய்தது இன்னொன்று. வழவழப்பாக இருக்கும், வருடக்கணக்கில் உழைக்கும், சத்தம் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மழுங்கி வரும். மேடைப் பாட்டுக்குச் சொரசொரப்பு வேண்டும். ஆனால் அந்தச் சுற்றுகளின் இடுக்குகளில் அழுக்கும் வியர்வையும் ஏறிவிட்டால் கம்பி செத்துப்போகும். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய பழுப்பு நிலக்கரியை வாரிப் போடுகிறவனின் விரலில் என்ன இருக்கும்? எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் பழுப்புத் தூள். ஊர் ஊராகப் போய் வாசிக்கிறவர்களின் கம்பி ஆறு மாதம் உயிரோடிருந்தால், அவன் கம்பி ஒரே மாதத்தில் பிணம்.

செத்த கம்பியை எழுப்ப ஒரு வழி உண்டு. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் இடுக்கிலிருக்கும் அழுக்கு கரைந்து வந்துவிடும். இரண்டு மூன்று கச்சேரிகளுக்குப் பழைய குரல் திரும்பும். வீட்டில் அவ்வளவு நேரம் ஸ்டவ்வை எரித்தால் சகாயமேரியின் மண்ணெண்ணெய் காலி. சுரங்கத்து கேன்டீனிலோ நாள் முழுக்க நீராவி சும்மா போய்க்கொண்டிருந்தது. கேன்டீனில் வேலை பார்த்த மாணிக்கம்மாள் அவனைப் போலவே கான்டிராக்ட். காலையில் அவன் கம்பிகளைக் கொடுத்துவிட்டுப் போவான். அவள் ஓரத்து அண்டாவில் போட்டு எடுத்துவைப்பாள்.

"இன்னா அமிர்து, இன்னிக்கும் கம்பிக் கொழம்பா? உப்புப் போடட்டுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

அன்றும் கேட்டாள். ராத்திரி திருவதிகையில் கச்சேரி இருந்ததால் நாலையும் ஒரே நேரத்தில் கழற்றிக் கொண்டுவந்திருந்தான். அப்படிச் செய்வது தப்பு; நாலு கம்பியின் இழுப்பும் போனால் கிடாரின் கழுத்து பின்பக்கமாக வளைய ஆரம்பித்துவிடும். வேறு வழியில்லை.

"உள்ள எதுக்குக் கொண்டுவந்தே?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. சொன்னால் மாணிக்கம்மாளின் வேலை போகும். அவளுடைய சம்பளத்தில்தான் அவள் வீட்டில் நாலு பேர் சாப்பிட்டார்கள். அமிர்தநாதன் வாயை மூடிக்கொண்டான். மௌனம் சம்மதம் என்றொரு பழமொழி இருக்கிறதே, அது யாருக்காக உண்டானது என்று அப்போது விளங்கிற்று.

அதற்குள் உள்ளே தேடப் போனவர்கள் ஒரு மோட்டாரின் பேஸில் எர்த் கம்பி இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய சுரங்கத்தில் தேடினால் எதுதான் காணாமல் போயிருக்காது?

அமிர்தநாதன் சடையப்பனுக்குச் சொல்லியனுப்பினான். மெல்லிசைக் குழு சடையப்பனுடையது. அந்த பேஸ் கிடாரும் அவருடையது. சுரங்கத்தில் ஆபரேட்டர், பெர்மனென்ட். கச்சேரியில் அமிர்தநாதன் அவரிடமும் தினக்கூலிதான். "மேடையிலயும் நான் கான்டிராக்ட்தான்" என்று அவனே சொல்லிச் சிரிப்பது வழக்கம். சடையப்பன் ஸ்கூட்டரில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"அண்ணே, பேஸை எடுத்துகினு வாங்க. இங்கயே மாட்டிக் காட்டிடறேன்."

"வெளையாடறியா? வாத்தியத்த கேட்டுக்குக் கொண்டாந்து, அதையும் புடிச்சி வெச்சிகினா ராத்திரி கச்சேரிக்கு நான் இன்னாத்த தூக்கிகினு போறது?"

"கம்பி இல்லாம அது மட்டும் எதுக்குண்ணே?"

"கீபோர்டுக்காரன் எடது கையால சமாளிச்சுக்குவான்" என்று சொல்லிவிட்டு சடையப்பன் வண்டியைத் திருப்பினார்.

கீபோர்டுக்காரன் சமாளித்தான். திருவதிகையில் ஒரு ஆளும் "பேஸ் எங்கே" என்று கேட்கவில்லை. அன்றோடு குழுவில் பேஸ் வாசிப்பவன் என்று ஓர் ஆள் தேவையில்லாமல் போயிற்று. கம்பியில்லாத அந்தக் கிடாரை, பாக்கி வைத்திருந்த கூலிக்கு ஈடாக, சடையப்பன் பிறகு அவன் தலையில் கட்டினார்.

அன்று வாசலில் இருட்டுகிற நேரத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கியவர் அதிகாரி சந்தானம். கம்பியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "யோவ் தெய்வசிகாமணி, இது மியூசிக் கம்பிய்யா!" அமிர்தநாதனுக்கு உயிர் வந்தது. அவர் அவனைத் தனியே அழைத்துப்போய்த் தோளில் கை போட்டார்.

"வாசிப்பியா?"

"வாசிப்பேங்க சார்."

"நிக்கிற பேஸ்? ஆள் ஒசரம் இருக்குமே, அது?"

"தொட்டதில்லைங்க. சுருதி ஒண்ணுதாங்க."

"நம்ம ஆபீசர்ஸ் கிளப்புல ஒண்ணு சும்மா கெடக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடு. கேஸ் பத்திக் கவலப்படாத. பேப்பர் என்கிட்டத்தான் இருக்கும். நான் மேல அனுப்பாத வரைக்கும் அது தூங்கும். அனுப்பினா, கேட் பாஸ் போச்சு, போலீஸ், எல்லாம் இருக்கு. புரியுதா?"

புரிந்தது. கம்பிகள் மட்டும் சாட்சிப் பொருளாக தெய்வசிகாமணியின் மேஜை டிராயருக்குள் போயின. தொண்ணூற்றேழாம் வருஷம் அது.

அமிர்தநாதன் பேஸுக்கு வந்த கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு வெட்டும் குடும்பம். அவர்கள் ஊர் மாதா கோயிலில் சாமி ஒருவர். உட்காரும் வரிசை இரண்டு. ஆண்டவர் சந்நிதியில் அனைவரும் சமம் என்று பிரசங்கம் நடக்கும்; நடுவில் போட்டிருந்த கிராதி கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டுக் குழுவில் ஆர்மோனியமும் கிடாரும் கிராதிக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு. யாரோ தானமாகக் கொடுத்த பேஸ் கிடாரை எவனும் சீண்டவில்லை. சத்தம் வெளியே தெரியாதே! அதைத் தூக்கி இவன் கையில் கொடுத்தார்கள். கேட்காமல் இருக்கும்வரைதான் இவனுக்கு அங்கே இடம். ஆனால் அந்த அடிச்சுரம் நெஞ்செலும்பில் வந்து இடித்தபோது, கோயில் முழுவதையும் தான் ஒருவன் கீழேயிருந்து தாங்கிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது. அதிலிருந்து அவன் மீளவில்லை.

கிளப்பில் இருந்த பெரிய பேஸ், டவுன்ஷிப் கட்டிய காலத்தில் வந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியர் விட்டுப்போனது. சாமான் அறையில் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்து கிடந்தது. கம்பிகள் துரு. ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஒரு கட்டை உருண்டது. அந்தக் கட்டைதான் உயிர். மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே, ஆணியோ பசையோ இல்லாமல், கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்க வேண்டியது. வெல்டிங் கம்பி ஒன்றை வளைத்து, பலகையிலிருந்த துளை வழியாக விட்டு, மூன்று சனிக்கிழமை போராடி அதை நிமிர்த்தி நிறுத்தினான். பின்பக்க வாசல் வழியாக வந்து, பின்பக்க வாசல் வழியாகப் போனான்.

"மெட்ராஸ் போறேன். புதுக் கம்பி வாங்கணும். என்ன வாங்கணும், நீயே சொல்லு" என்றார் சந்தானம்.

வாழ்நாளில் அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேலையைக் கான்டிராக்டர் முடிவு செய்தான், ஷிப்டை சூப்பர்வைசர், பாட்டை சடையப்பன். அமிர்தநாதன் ஒரு வாரம் யோசித்தான். எஃகுக் கம்பி என்றால் இழுப்பு அதிகம், வில்லுக்கு ஏற்றது, விரலால் மீட்டினால் சதை கிழியும். ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த நரம்பு தடிமனாக, மிருதுவாக இருக்கும்; மரத்தின் குரல் முழுக்க வெளியே வரும். மழைக்கும் வெயிலுக்கும் நரம்பு இளகும் என்பதுதான் குறை. ஆனால் புதிதாக ஏசி போட்டிருந்த ஹாலுக்கு வாத்தியத்தைக் குடியேற்றியிருந்தார்கள். வாத்தியத்துக்கு ஏசி கிடைத்துவிட்டது, நரம்பே போடலாம்.

"நரம்பு வாங்குங்க சார். ஆட்டுக் கொடல்ல பண்றது."

சந்தானத்தின் முகம் சுருங்கியது. "கொடலா? சீச்சீ! ஹால்ல ஆயுத பூஜை பண்றோம், நவராத்திரி கொலு வெக்கிறோம். அதெல்லாம் வேண்டாம்."

அவர் தலைக்கு மேலே கண்ணாடி அலமாரியில் ஒரு மிருதங்கம் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. அதன் தோல் எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று கேட்க அமிர்தநாதனுக்கு நாக்கு துடித்தது. கேஸ் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. எஃகுக் கம்பி வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் விரல் வெடித்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வெடிப்பில் நிலக்கரித் தூள் ஏறியது.

"பொணத்தக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிற மாதிரி நிக்கறீங்க" என்றாள் சகாயமேரி, ஒரு விழாவில் வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு. "அந்தப் பொணம் உங்க ரத்தத்தக் குடிக்குது."

அவளுடைய அண்ணன் பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவில் டிரம் வாசித்தார். பேஸுக்கு ஆள் வேண்டும் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து கூப்பிடுவார். அமிர்தநாதன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதே பதிலைச் சொன்னான்: "கேஸ் இருக்கே. ஊர வுட்டுப் போனா, திருடன் ஓடிட்டான்னு ஆயிடும்."

"அந்தக் கேஸ நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்றாள் சகாயமேரி.

"சார்கிட்ட இருக்கு."

"பேயக்கூட நாலு பேரு, வெள்ளச் சேலையில பாத்தேன், புளிய மரத்துல பாத்தேன்னு சொல்றான். உங்க கேஸ அதுகூட யாரும் சொல்லல. நம்பர் இன்னா? எந்தக் கோர்ட்டு? ஒரு சம்மன் வந்துதா இந்த வூட்டுக்கு?"

"உனுக்குத் தெரியாது, சும்மா இரு."

அவளுக்குத் தெரிந்திருந்தது. பேய்க்குத் தாயத்துக் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் படித்த உலகம், காகிதத்துக்கு நடுங்குகிறவனைப் பார்த்து மட்டும் ஏன் மரியாதையாகத் தலையாட்டுகிறது? இரண்டும் ஒரே பயம்தான். ஒன்றுக்குப் பூசாரி வேப்பிலையோடு வருவான். மற்றதற்கு ஜீப்பில் வருவான்.

இதற்கிடையில் கான்டிராக்டர் வருஷத்துக்கொருவனாக மாறினான். ஒவ்வொரு மாற்றத்திலும் அமிர்தநாதனின் சர்வீஸ் முதலிலிருந்து ஆரம்பித்தது. பெர்மனென்ட் பட்டியலில் தன் பெயர் வராததற்கும் கேஸ்தான் காரணம் என்று அவன் நம்பினான். மற்றவர்கள் பெயரும் வரவில்லையே என்று எண்ணிப் பார்க்கவில்லை. பேய் பிடித்தவனுக்குத் தலைவலி வந்தாலும் பேய்தான்.

நாலு வருஷம் போயிற்று. சந்தானத்துக்கு வடக்கே மாற்றல் வந்தது. கிளப்பில் வழியனுப்பு விழா. ஹால் நிறையக் குடும்பங்கள். கேசரி, பஜ்ஜி, ரோஜா மாலை. மேடையின் பின்வரிசையில் பெரிய பேஸை அணைத்துக்கொண்டு அமிர்தநாதன் நின்றான். கேஸை அவர் யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார் என்பதுதான் அவன் கவலை.

சந்தானம் மைக்கைப் பிடித்தார். பேச்சு நடுவில் பின்னால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த அமிர்தநாதனை நான் எப்படிப் பிடிச்சேன்னு சொல்லணும். நல்ல ஜோக். கேட்ல ஒரு நாள் மியூசிக் கம்பியோட மாட்டிக்கிட்டான். பேஸ்லேர்ந்து கழட்டினேன்னு சொல்லியிருக்கான், பாவம். நம்ம செக்யூரிட்டி மோட்டார் பேஸ்னு நெனச்சுட்டார்! நான் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன், கேஸ் இருக்கு, கிளப்புக்கு வந்து வாசின்னு. அவ்வளவுதான். இன்னிக்கு வரைக்கும் ஒரு சனிக்கிழமைகூட லீவு போடல சார்! கேஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒரு பேப்பர்கூட எழுதல!"

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அமிர்தநாதனின் முதுகில் தட்டினார். அடுத்த பாட்டுக்குக் கீபோர்டு ஆரம்பித்தது.

அமிர்தநாதன் கையை வைத்தான். விரல் கம்பியின் மேல் இருந்தது, மீட்டவில்லை. பல்லவி போயிற்று. அனுபல்லவியில் பாடகி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பாடிக்கொண்டு போனாள். அவன் வாத்தியத்தை மெதுவாகப் பக்கவாட்டில் படுக்க வைத்தான். மேடையிலிருந்து இறங்கி, மாலைகளுக்கும் பஜ்ஜித் தட்டுகளுக்கும் நடுவே நடந்து, முன்வாசல் வழியாக வெளியே போனான். அந்த வாசலை அவன் அதுவரை வெளியிலிருந்துதான் பார்த்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை மந்தாரக்குப்பத்தில் அவன் வீட்டெதிரே ஜீப் வந்து ஹாரன் அடித்தது. சகாயமேரி எட்டிப் பார்த்தாள்.

"கிளப்பு புது செக்ரெட்டரி சார் கூட்டியாரச் சொன்னாராம். இன்னா சொல்லட்டும்?"

"வரமாட்டேன்னு சொல்லு. வேணும்னா கேஸ் போட்டுக்கச் சொல்லு. இந்த வாட்டி நெசமாவே போடச் சொல்லு."

சகாயமேரி அதை ஒரு சொல் குறையாமல், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். டிரைவர் சிரித்துக்கொண்டே போனான். அன்று அந்த வீட்டில் இருவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை வாசலில் கான்டிராக்ட் சூப்பர்வைசர் பெயர்களைக் கூப்பிட்டு கேட் பாஸ் கொடுத்தான். அமிர்தநாதன் பெயர் வரவில்லை.

"எனுக்கு?"

"உனுக்கு இல்ல. சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னது?"

"மேல."

"எதுக்கு?"

"அதெல்லாம் எனுக்கு இன்னா தெரியும்? ஆளு கம்மி பண்றாங்களாம். நகரு, நகரு."

கேஸ் என்று ஒன்று இருந்திருந்தால் குற்றச்சாட்டு இருந்திருக்கும், விசாரணை இருந்திருக்கும், எதிர்த்து ஒரு கேள்வி கேட்க இடம் இருந்திருக்கும். இல்லாத கேஸ் நாலு வருஷம் அவனை உள்ளே கட்டி வைத்தது. இப்போது கேஸ் இல்லாமலேயே வெளியே தள்ளியது. எந்தக் கதவைத் தட்டுவது?

அவன் வீட்டுக்குத் திரும்பினான். பரணிலிருந்து பேஸ் கிடாரை இறக்கினான். கழுத்து லேசாகப் பின்னால் வளைந்திருந்தது. துணியில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, முதல் ஷிப்டு விடும் நேரத்துக்கு அதே வாசலில் வந்து நின்றான்.

"சார், என் கம்பியக் குடுங்க."

தெய்வசிகாமணிக்கு இப்போது காது மடலில் நரை. டிராயரை இழுத்தார். பழைய பூட்டுகளுக்கும் பீடிக் கட்டுகளுக்கும் அடியில் நாலு வளையங்கள் அப்படியே கிடந்தன. பளபளப்புப் போய், கறுத்து.

அமிர்தநாதன் செக்யூரிட்டி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கிடாரைப் போட்டு, தடித்த கம்பியின் பித்தளை வளையத்தை அடிப்பாகத்தில் கோத்தான். அது போய் அதன் குழியில் சரியாக உட்கார்ந்தது. முறுக்காணியைச் சுற்றினான். ஒவ்வொன்றாக, நாலும் ஏறின. வெளியே போக நின்ற கான்டிராக்ட் வரிசை, திறந்த பாத்திரங்களோடு, அவனைச் சுற்றி வளைந்துகொண்டது. மாணிக்கம்மாளும் நின்றாள்.

"சார், இதுதான் பேஸ். இதுலேர்ந்துதான் கழட்டுனேன்."

"சரிப்பா, தெரிஞ்சு போச்சு. அதான் கேஸே இல்லன்னு ஆயிடுச்சே."

"அப்ப எதுக்கு சார் என் பாஸ நிறுத்துனீங்க?"

தெய்வசிகாமணி டிராயரைத் தள்ளிச் சாத்தினார்.

"கேஸ் போடுங்க சார். நாலு வருஷத்துக்கு முன்னாடி போட வேண்டியத இன்னிக்குப் போடுங்க. கூப்பிட்டு விசாரிங்க. அங்க இத வாசிச்சிக் காட்டறேன்."

"அவரு கேக்கறாருல்ல, சொல்லுங்களேன்" என்றாள் மாணிக்கம்மாள், கூட்டத்துக்குள்ளிருந்து. "அந்தக் கம்பிய வேக வெச்சதே நான்தான். எம் பேரையும் சேத்து எழுதுங்க."

தெய்வசிகாமணி விரலை நீட்டி, தடித்த கம்பியை ஒரு முறை சுண்டினார். ஆம்ப்ளிபயர் இல்லாத பேஸ். பின்னால் கன்வேயரின் இரைச்சல்.

"ஒண்ணும் கேக்கலியேய்யா" என்றார்.

கம்பி அமிர்தநாதனின் விலா எலும்பில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.